எழுநூறு சிசியும் அக்காவின் பங்களாவும்

1

போன வாரம் என் மோட்டார் சைக்கிளை வருடாந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். இந்த நாட்டில் மூன்று வயது தாண்டிய வண்டி எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை கராஜில் நிறுத்தி, விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வண்டி தேறிவிட்டது. ஆனால் பரிசோதித்தவன் தாளின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: 'பின்னால் அமர்பவரின் இடது கால்மிதி வளைந்துள்ளது. காரணம் தெரியவில்லை.'

காரணம் எனக்குத் தெரியும். அதைப் பக்கம் பக்கமாக எழுதி வாங்கிய பொலிசுக்கும் தெரியும். அவர்கள் நம்பவில்லை, அவ்வளவுதான். சரியாக ஒரு வருடம் ஆகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை. இங்கே யாரிடமாவது சொல்லப்போனால் முதலில் நான் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். இலங்கையில் பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றால், "அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்களா?" என்று நம் தமிழர்களே கேட்கிறார்கள். பிறகு எங்கே கதை சொல்வது? பசறையிலும் மடுல்சீமையிலும் இருக்கிற உங்களுக்குப் பாதி சொன்னால் மீதி விளங்கும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

2

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோபத்திலும் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

நான் இருப்பது வட இங்கிலாந்தில், மனிதரைவிடச் செம்மறியாடுகள் அதிகமாக இருக்கிற ஒரு பகுதியில். வேலை, ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே இரத்த மாதிரிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒரு நாளைக்கு இருநூறு, இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்காக வாங்கிய வண்டி இது. 'ஸ்போர்ட் டூரர்' என்பார்கள். வேகமாகப் போகவும் வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு ஒடியக்கூடாது என்கிறவர்களுக்காகச் செய்த இனம். எழுநூறு சிசியில் இரண்டு சிலிண்டர். ஆயிரம் சிசி வண்டிகளைப்போல் கோவில் யானை கனம் கிடையாது. ஆனாலும் இருநூறு கிலோவுக்கு மேல். என் உயரத்துக்கு இரண்டு காலையும் முழுதாக ஊன்ற முடியாது, நுனிவிரலில்தான் நிற்பேன். முன்கண்ணாடியைக் கையாலேயே ஏற்றி இறக்கலாம். ஏற்றினால் மழை நெஞ்சில் அடிக்காமல் தோளுக்கு மேலால் போய்விடும். ஈரத்தில் சடாரென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் இறுகாது. பின்சக்கரம் வழுக்கினால் எனக்குத் தெரியுமுன் எஞ்சினுக்குத் தெரிந்துவிடும், தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பெட்டிகள். ஒருதரம் டேங்க்கை நிரப்பினால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் கடையைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் இல்லை. நூற்றிருபதில் எந்த வண்டியும் ஓடும். இது ஆமை வேகத்திலும் ஓடும் என்பதுதான் விசேஷம். முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருந்தால், ஒரு மனிதன் நடக்கிற வேகத்தில் உதறாமல், முக்காமல், தண்ணீரில் ஓடம் போகிற மாதிரிப் போகும். பதுளையில் மொய்தீன் நானாவின் கராஜில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த நாட்களில் எங்களிடம் வந்த வண்டிகள் எல்லாம் மெதுவாக விட்டால் இருமும், வேகமாக விட்டால் நடுங்கும். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறுகிற வளைவுகளில் இதை ஒருநாள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்த ஆமை வேகம்தான் அக்காவின் காலை உடைத்தது.

3

அக்கா பெயர் ராமாயி. என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஐம்பத்திரண்டு. மடுல்சீமையில் நாங்கள் பிறந்த அதே லயத்தில், தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில், இருக்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை. அவளை ஒருதரம் இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று விசாவுக்கு விண்ணப்பித்தோம்.

விண்ணப்பத்தில் வீட்டு இலக்கம் கேட்டார்கள். லயத்துக்கு இலக்கம் உண்டு, அதில் ஒரு குடும்பம் இருக்கிற அறைக்கு, காம்பராவுக்கு, உண்டு. அது வீட்டு இலக்கம் ஆகுமா? வீதியின் பெயர் கட்டாயம் என்றது கணினி. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவே மறுத்தது. நூற்றைம்பது வருடமாக அந்த மலையில் இருக்கிறோம், கடிதம் இன்னும் தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது. கிளார்க் ஐயா மனம் வைத்தால் கைக்குக் கிடைக்கும். கடைசியில் அக்காவின் மகன் சிவா போனில் சொன்னான்: "பங்களா ரோட்டுன்னு போடுங்க மாமா. இங்க ரோட்டுன்னு இருக்கிறது அது ஒன்னுதான்." அப்படியே போட்டேன்.

முதல்தரம் நிராகரித்தார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்பதில் திருப்தி இல்லையாம். பிறந்த லயத்தைவிட்டு ஒருநாளும் வெளியே குடிபோகாதவள் திரும்பிப் போவாளா என்று சந்தேகம்! இரண்டாம்தரம் ஒரு கட்டுத் தாள் அனுப்பிய பிறகு விட்டார்கள்.

4

அக்கா வந்து நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். அக்காவைப் பைக்கில் ஒரு சுற்றுக் கூட்டிப் போகிறேன் என்றேன். என் மகள் தர்ஷி, பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள், தன் ஜீன்சையும் ஜாக்கெட்டையும் அத்தைக்கு மாட்டிவிட்டாள். சேலையோடு ஒருபக்கமாக உட்கார இங்கே சட்டம் விடாது. "இந்தக் கோலத்துல என்னைய நம்ம லயத்துல பாத்தா கல்லெடுத்து அடிப்பானுக," என்று அக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். இரண்டு ஹெல்மெட்டிலும் பேசிக்கொள்கிற கருவி இருக்கிறது. அவள் பேசுவது என் காதுக்குள் கேட்கும்.

வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். ஆடு கொழுத்திருக்கு, ஆளையே காணோம், இவ்வளவு நிலத்தில் ஒரு தேயிலைச் செடிகூட வைக்காமல் என்னடா பண்ணுகிறான்கள். ஒரு திருப்பத்தில் பெரிய இரும்புக் கேட், உள்ளே புல்வெளி, அதற்கு அப்பால் மூன்று மாடிக் கல் வீடு.

"தம்பி, பங்களா வருதுடா."

"ஆமாக்கா. பெரிய பங்களாதான்."

"மெதுவாடா, மெதுவா."

வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். முதல் கியருக்கு வந்து, கிளட்சை விட்டு, ஊர்ந்தேன். வண்டி சத்தமில்லாமல் மிதந்தது. தோளில் இருந்த கை எடுபட்டது. பின்னால் கனம் ஒருபக்கம் சாய்ந்தது. நான் திரும்புவதற்குள் வண்டி இடதுபக்கம் விழுந்தது. பெட்டி முட்டுக்கொடுத்து நின்றதால் வண்டி அவள் மேல் விழவில்லை. அக்கா ரோட்டில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டிட்டேன்னு நெனச்சேன்டா," என்றாள். "ஆட்டமே இல்லியே."

மடுல்சீமை பஸ் மாதிரி உதறியிருந்தால், ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். அவள் எதற்காக இறங்கினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வருடத்தில் எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. அக்காவின் வாயில் பங்களா என்றால் என்ன என்று தெரியாமல், "ஆமாக்கா, பெரிய பங்களாதான்" என்று பதில் சொல்லியிருக்கிறேன், மடையன்.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் பங்களா என்றால் தோட்டத்தை நடத்துகிற துரை இருக்கிற வீடு. எங்கள் அப்பா காலத்தில் அதன் முன்னால் யாரும் சைக்கிளில் ஏறியபடி போகக்கூடாது. இறங்கி, தலைத்துணியை அவிழ்த்து, குடையை மடக்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை. பல தோட்டங்களில் அந்த வழக்கமே போய்விட்டது. எங்கள் டிவிஷனில், தோட்டத்தின் எங்கள் பகுதியில், நடுவயது தாண்டியவர்கள் இன்னும் இறங்குகிறார்கள். இறங்க வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை.

5

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு. விபத்தில் ஆள் காயம் என்றால் பொலிஸ் வந்தே தீரும். ஓர் இளம் பெண் அதிகாரி வந்தாள், மரியாதையானவள்தான். நான் கவனக்குறைவாக ஓட்டினேனா என்று பார்க்க வேண்டும் என்றாள். ஆம் என்று முடிவானால் லைசென்ஸ் போகலாம், லைசென்ஸ் போனால் என் வேலை அன்றைக்கே முடிந்தது. அக்காவின் வாக்குமூலம் வாங்கும்போது நான் பக்கத்தில் இருக்கக்கூடாதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி இழுத்த திரைக்கு வெளியே நின்றேன். ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசியில் எங்கிருந்தோ ஒரு மொழிபெயர்ப்பாளர்.

"நீங்கள் ஏன் வாகனத்திலிருந்து இறங்கினீர்கள், அம்மா?"

"பங்களா வந்துச்சுங்க. அதான் எறங்குனேன்."

அந்த மனிதர் 'பங்களா'வை அப்படியே இங்கிலீசில் தூக்கிப் போட்டார். நம் பக்கத்திலிருந்து போன சொல்தானே! ஆனால் இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மாடிப்படி ஏற முடியாத கிழவன் கிழவி இருக்கிற சின்ன ஒற்றைத்தள வீடு என்று அர்த்தம்.

"யார் இறங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. எறங்கணும்ல?"

'எறங்கணும்ல' என்பதை அவர், 'நான் இறங்கியே ஆக வேண்டியிருந்தது' என்று சொன்னார். அதிகாரி எழுதுகிற சத்தம் நின்றது. இறங்கியே ஆக வேண்டியிருந்தது என்றால் கட்டாயப்படுத்தியது யார்? உங்கள் தம்பியா? தம்பி உங்களிடம் கோபமாகப் பேசினாரா? வீட்டில் உங்களைச் சரியாக நடத்துகிறாரா?

"எந் தம்பி தங்கம்ங்க," என்றாள் அக்கா. அதைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். ஆனால் அதற்குள் எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

அடுத்த நாள் அதிகாரி அந்த ரோட்டின் நீளத்துக்கும் நடந்து பார்த்திருக்கிறாள். அறிக்கையில் எழுதினாள்: 'பயணி குறிப்பிடும் பங்களா அந்த வீதியில் எங்கும் இல்லை.'

மூன்று மாடி, முப்பது ஜன்னல், வாசலில் இரண்டு கல் சிங்கம். அதன் முன்னால் நின்றுகொண்டு பங்களா இல்லை என்று எழுதியிருக்கிறாள்! நான் போன் பண்ணி விளக்கினேன். இங்கிலீஸ் எனக்கு வேலைக்குப் போதும், கோபம் வந்தால் போதாது. 'துரை'க்கு என்ன சொல்வது? 'மேனேஜர்' என்றேன். மேனேஜர் வீட்டைக் கண்டால் ஓடுகிற வண்டியிலிருந்து ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நூற்றைம்பது வருடமாக அதற்கு யாரும் எங்களுக்குப் பதில் சொல்லவில்லையே!

6

இரண்டு வாரம் கழித்து அந்த அதிகாரி வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு உதவி செய்கிற மாதிரித்தான் பேசினாள். ஒரு தாளை மேசையில் வைத்தாள். வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த பயணி, களைப்பிலும் தடுமாற்றத்திலும் சுயநினைவு குழம்பி இறங்கிவிட்டார் என்று எழுதியிருந்தது. அப்படித்தான் நடந்தது என்றால் அக்கா கையெழுத்துப் போடலாம், என்மேல் விசாரணை அத்தோடு முடியும். போடாவிட்டால் மேலிடத்துக்குப் போகும்.

அக்கா தர்ஷியிடம் கேட்டாள்: "என்னாடி எழுதியிருக்கு?"

தர்ஷியின் தமிழ் நொண்டிக்கொண்டுதான் வரும். "அத்தை... நீங்க... மூளை குழம்பி இறங்கினீங்கன்னு இருக்கு."

"யாருக்கு? எனக்கா?"

நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என் லைசென்ஸ். "போட்டுடுக்கா," என்றேன். "சும்மா ஒரு தாள்தானே."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. "எறங்கப் பழக்குனவன் புத்திசாலி, எறங்குனவ பைத்தியமாடா? நல்ல புத்தியோடதான் எறங்குனேன். அத அப்படியே எழுதச் சொல்லு, ரெண்டு கையெழுத்து போடுறேன்."

தர்ஷி அந்தத் தாளைத் திருப்பி அதிகாரியிடம் நீட்டி, ஒருநாள் தவணை கேட்டாள். அன்று மாலை முழுக்க அத்தையின் கட்டுப் போட்ட காலுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஏன், யாருக்காக, எப்போதிருந்து என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கே தெரியாத ஒன்றை அக்கா சொன்னாள்.

அக்காவுக்குப் பதினொரு வயதில் நல்ல காய்ச்சல். அப்பா சைக்கிளின் பின்னால் வைத்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பங்களா வந்ததும் அப்பா இறங்கித் தள்ளியிருக்கிறார். அக்காவுக்குக் கண்ணைத் திறக்க முடியாத காய்ச்சல், அவள் கேரியரிலேயே இருந்துவிட்டாள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்தில், எல்லார் முன்னாலும் அப்பாவை நிறுத்திக் கேட்டார்களாம்: "ஓம் மக என்னா மகாராணியா? ஒக்கார வச்சு தள்ளிட்டுப் போற?" ஒரு வாரம் அப்பாவுக்கு வேலை இல்லை. கேட்ட துரை வெள்ளைக்காரன் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறி, நம் நாட்டுத் துரைமார் வந்து வருடக்கணக்காகியிருந்தது.

"அப்பா என்னைய ஒரு வார்த்த சொல்லல," என்றாள் அக்கா. "நான்தான் அன்னிக்கு எறங்கல. அதுக்கப்புறம் ஒருநாளும் எறங்காம இருந்ததில்ல."

தர்ஷி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் இங்கிலீசில் கேட்டாள், இதையெல்லாம் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று. அவளுக்கு நான் தெமோதரை ஸ்டேஷனில் ரயில் வளைந்து தன் அடியிலேயே நுழைகிற அதிசயத்தைச் சொல்லியிருக்கிறேன். அருவியைச் சொல்லியிருக்கிறேன். சுற்றுலாக்காரனுக்குக் காட்டுவதைத்தான் என் மகளுக்கும் காட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் அவளைத்தான் அதட்டினேன்.

மறுநாள் அவள் எழுதிய மூன்று பக்கம் பொலிசுக்குப் போனது. அடியில் அக்கா தமிழில் நிறுத்தி நிதானமாக 'சு. ராமாயி' என்று போட்டாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வழக்கு இல்லை. ஆனால் பின்னால் ஏறுபவருக்கு நான் போதிய அறிவுறுத்தல் தரவில்லையாம், அதற்காக ஒருநாள் வகுப்புக்குப் போக வேண்டும். போனேன். பின்னால் ஏறுபவருக்குச் சொல்ல வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கால் மிதியில் இருக்க வேண்டும், வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும், வண்டி முழுதாக நிற்கும்வரை இறங்கக்கூடாது. பெரிய வீட்டைக் கண்டால் இறங்க வேண்டியதில்லை என்று அதில் இல்லை. கையைத் தூக்கிச் சொல்லலாமா என்று நினைத்தேன். என் லைசென்ஸ் நினைவுக்கு வந்தது, பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

7

அக்கா கைத்தடியோடு ஊருக்குப் போனாள். சிவாவிடம் சொந்தமாக ஆட்டோ இருக்கிறது. காலையில் அம்மாவைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் சவாரிக்குப் போவான். வழி, அதே பங்களா ரோட். போன் எடுக்கும்போதெல்லாம் இதைக் கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. பரிசோதனைத் தாளில் கால்மிதியைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் கேட்டேன்.

"இப்பவும் எறங்குறியாக்கா?"

"எறங்குறேன்."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனை விசிறியடித்திருப்பேன். "இவ்வளவு பட்டும் புத்தி வரலியா? கால் ஒடஞ்சும் எறங்குறியா?"

"முழுசா கேளுடா. நான் திரும்பி வந்த புதுசுல, வழக்கம்போல பங்களா கேட்டுக்கு முன்னால ஆட்டோவ நிப்பாட்டச் சொன்னேன். பின்னால தொர ஜீப்பு. ஒரு வண்டிதான் போவும் அந்த ரோட்டுல, ஒனக்குத் தெரியும்ல? மொத தடிய வச்சேன். அப்புறம் ஒரு கால வச்சேன். அப்புறம் மத்தத. அப்புறம் குனிஞ்சு செருப்ப மாட்டுனேன். கேட்டு முடியிற வரைக்கும் நடுரோட்டுல நடந்தேன். ஆட்டோவும் எம் பின்னால, ஜீப்பும் எம் பின்னால."

"திட்டுனாரா?"

"சின்னப் பையன் மாதிரி தொர, புதுசு. எறங்கி வந்து, 'ஏம்மா எறங்குறீங்க? யாரு எறங்கச் சொன்னா? இப்ப அப்படி ஒன்னும் இல்லியே'ன்னாரு."

பொலிஸ்காரி கேட்ட அதே கேள்வி. "நீ என்னா சொன்ன?"

"'இல்லன்னா நல்லதுங்க தொர. எறங்க வேணாம்னு மூனு மொழியிலயும் எழுதி, கையெழுத்து போட்டு, இந்தக் கேட்டுல ஒட்டிருங்க. வாயால சொன்னா செல்லாதுங்க. எங்கப்பாவ எறங்கச் சொன்னப்பவும் எதையும் எழுதி ஒட்டல, வாயாலதான் சொன்னாங்க'ன்னேன்."

"ஒட்டுனாரா?"

"ஆபீசுல கேட்டுச் சொல்றேன்னாரு. இன்னும் ஒட்டல. அதுவரைக்கும் தெனமும் காலையில, அவரு ஆபீசுக்குக் கெளம்புற நேரம் பாத்து, நானும் அதே தடியோட எறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாத்து எறங்குக்கா. கால் இன்னும் வலிக்குதா?"

"கால் சொகமாகி எட்டு மாசமாச்சுடா," என்றாள் அக்கா.